கதிரை அளக்க வந்த நாள்

என் வீட்டு முற்றத்தில் கால் ஒடிந்து உட்கார முடியாத பிளாஸ்டிக் கதிரை ஒன்று நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதும் பிழை. மாமரத்தோடு சாய்த்து வைத்திருக்கிறேன். இது எங்கள் வீட்டுக் கதிரை இல்லை. புதன்கிழமை பின்னேரம் குருநகரில் இருந்து நான் திரும்பி வந்த ஓட்டோவில் யாரோ இதை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். யாருடையது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது, அன்றைக்கு அங்கே அத்தனை கதிரைகள். முற்றத்துக்கு வரும்போதெல்லாம் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருகிறது. தனியாகச் சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பழக்கமில்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. எந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாலும் "முடிவை முதல் சொல்லு, எனக்கு வேலை கிடக்கு" என்று அவசரப்படுத்துகிறவள் நீ. படம் பார்க்கப் போனாலும் கடைசியில் எவன் சாகிறான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆறுதலாகப் பார்ப்பாய். இந்த முறை முடிவை முதலில் சொல்லமாட்டேன். இரண்டு வருடம் நான் பொறுத்தேன், நீ கொஞ்ச நேரம் பொறு.

கொன்வென்டில் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தோம். நான் அச்சுவேலித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, நீ குருநகரில் கடற்றொழில் செய்கிற வீட்டுப் பிள்ளை. பிறகு நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனேன். நீ சூசை அண்ணையைக் கலியாணம் செய்து, வலைகளுக்கு ஈயக்குண்டு வார்க்கத் தொடங்கினாய். வலையின் அடிக்கயிற்றில் கோத்து, வலையை நிலத்தோடு இழுத்துப் பிடிக்கிற அந்தச் சின்னக் குண்டுகள். பழைய ஈயத்தைத் தாச்சியில் போட்டு உருக்கி, அச்சில் ஊற்றி, அது ஆறுவதற்குள் அடுத்ததை ஊற்றுவாய். உன் கை ஓடுகிற வேகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்கள் கரையில் எத்தனையோ வலைகள் உன் ஈயத்தோடுதான் கடலுக்குள் இறங்கின. என்னை "எலும்புப் படக்காரி" என்று கூப்பிடுவாய். நான் உனக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. வைத்தால் நீ திருப்பி வைப்பது அதைவிட மோசமாக இருக்கும்.

அந்த நாட்களில் அணு என்றால் எங்கள் எல்லோருக்கும் அக்கரைதான். கடலுக்கு அந்தப் பக்கத்தில் அணு உலை ஓடுகிறது, அதன் கழிவை எங்கே வைக்கிறார்கள், ஏதும் நடந்தால் எங்கள் மீனுக்கு என்ன ஆகும் என்று மீனவர் சங்கக் கூட்டங்களில் பேச்சு வரும். அதைக் கேட்டுவிட்டு வந்து நீ என்னைப் போட்டுக் குடைவாய்.

"எடி, அங்கை ஏதும் வெடிச்சால் எங்கடை கடலுக்கு என்ன நடக்கும்?"

"காத்தையும் நீரோட்டத்தையும் பொறுத்தது."

"அப்ப உனக்குத் தெரியாது."

"ஓம், தெரியாது."

"அதைச் சொல்லு. காத்து, நீரோட்டமெண்டு பூசி மெழுகாதை."

இப்படி எல்லோரும் அக்கரையையே பார்த்துக்கொண்டு இருந்தோம். சாமான் வந்து சேர்ந்தது முதுகுப் பக்கத்தால், பழைய இரும்பு லொறியில்.

அச்சுவேலிப் பழைய இரும்புக்காரர் ஒருவர்தான் உனக்கு ஈயம் கொண்டுவந்து இறக்குவார். அவர் என் ஊர்க்காரர் என்பதால், ஈயத்தில் மண் கலந்திருந்தாலும் ஏச்சு எனக்குத்தான். அன்றைக்கு வேலை முடிந்து உன் வீட்டுக்கு வந்தேன். வீட்டைச் சுற்றிய வளவில், அடுப்புக்குப் பக்கத்தில், துருப்பிடித்த இரும்புப் பானை போல ஒன்று கிடந்தது. பார்வைக்குச் சின்னது. ஆனால் சூசை அண்ணையும் லொறிக்காரரும் முக்கி முனகித்தான் அதை இறக்கினார்களாம். உள்ளே முழுக்க ஈயம் என்று உனக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. அடுப்பு மூட்டியாகிவிட்டது. சூசை அண்ணை இரும்பு வெட்டுகிற மெசினை இரவல் வாங்கப் போயிருந்தார். நீ குந்தியிருந்து கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாய்.

"இஞ்சை பார், இது கப்பல் சாமான். எஞ்சின்ரை விசிறி போட்டிருக்கு," என்றாய்.

உன் விரல் காட்டிய இடத்தில் மஞ்சள் பூச்சுத் தெரிந்தது. நடுவில் ஒரு பொட்டு, அதைச் சுற்றி மூன்று இதழ்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் அது படகு எஞ்சினின் விசிறி என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு அது எக்ஸ்ரே அறைக் கதவு. வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நான் திறந்து மூடுகிற கதவில் இருக்கிற அதே கதிர்வீச்சுக் குறி.

"எழும்பு," என்றேன். "கையை எடு. எழும்பி என்னட்டை வா. அடுப்பு எரிஞ்சால் எரியட்டும். ஒண்டும் கேளாதை."

வாழ்க்கையில் நீ என் சொல்லைக் கேள்வி கேட்காமல் கேட்டது அன்று ஒரு நாள்தான். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஒழுங்கை முகப்புக்கு, தெரு ஏறுகிற இடத்துக்கு, உன்னை இழுத்து வந்து, எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். சில தொழிற்சாலைகளில் பெரிய தொட்டிகளுக்குள் சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பதற்கு, சிறு துண்டு அணுப்பொருளை ஈயக் கூட்டுக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். கூடு மூடியிருந்தால் பெரிய ஆபத்தில்லை. வெட்டி உருக்கினால்தான் எமன். தொழிற்சாலை மூடுகிறது, யுத்தம் வருகிறது, ஆட்கள் இடம்பெயர்கிறார்கள், கூரை விழுகிறது. பிறகு ஒரு நாள் யாரோ அதை இரும்பு என்று தூக்கி லொறியில் போடுகிறார்கள். உன்னிடம் வந்தது எந்தத் தொழிற்சாலையில் இருந்தது, எந்த நாட்டில் செய்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவரவில்லை. பெற்றவர்கள் யாரென்று தெரியாத கழிவு அது.

நான் பொலிசுக்கும், பிறகு தெரிந்த ஒரு டொக்டருக்கும் போன் எடுத்தேன். கொழும்பில் இருந்து அதிகாரிகள் வரவேண்டும், மறுநாள் ஆகும் என்றார்கள். நீ சூசை அண்ணையையும் பக்கத்து வீட்டுக்காரரையும் உறவினர் வீடுகளுக்கு அனுப்பினாய். நீ மட்டும் போகவில்லை. ஒழுங்கை முகப்பில், பானையில் இருந்து நல்ல தூரத்தில், மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி இருந்தாய்.

"நீயும் வாவன்," என்றேன்.

"ஓடுறது சுகம். நாங்கள் எல்லாரும் ஓடினால் உது இன்னொருத்தியின்ரை அடுப்புக்குப் போகும்."

நீ சொன்னது சரியாகப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் இரும்புக்காரர் லொறியோடு வந்து நின்றார்.

"அக்கா, நான் உதைத் திருப்பி எடுக்கிறன். வேறை ஒராள் கேக்கிறார்."

"தாராளமா எடு. போய்த் தூக்கு."

அவர் உன் படலை வரைக்கும் போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்.

"சும்மா ஈயப் பானையெண்டால் ஏன் உங்கை நிக்கிறாய்?" என்று கேட்டாய். "உனக்குக் கிட்டப் போகப் பயம். ஆனால் இன்னொருத்தன்ரை வீட்டை அனுப்பப் பயமில்லை, என்ன?"

மனுசன் வெறும் லொறியோடு திரும்பிப் போனார். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. அதை அன்றைக்கே உனக்குச் சொன்னேன், நீ "தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா, பெருமையைக் குடிக்கேலாது" என்றாய்.

மறுநாள் வந்தவர்கள் வெள்ளை உடுப்பும் கையுறையும் முகமூடியுமாக இறங்கினார்கள். பானையைப் பெரிய பெட்டிக்குள் இறக்கிப் பூட்டினார்கள். வளவைச் சுற்றி அளந்தார்கள். பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் இரண்டு வசனம் சொன்னார்கள், அவ்வளவுதான், வாகனம் போய்விட்டது. கூடு உடையவில்லை, வளவு நல்லாயிருக்கிறது என்பதுதான் அந்த இரண்டு வசனம். ஆனால் அது ஒழுங்கைக்கு விளங்கவில்லை. ஒழுங்கைக்கு விளங்கியதெல்லாம் வெள்ளை உடுப்பும் முகமூடியும்தான்.

உன்னை அரித்தது வேறு ஒன்று. அதே லொறியில் முந்தின கிழமை, ஏழெட்டு நாளுக்கு முன்னர், வந்த ஈயத் தகடுகளை நீ ஏற்கெனவே உருக்கி, குண்டு வார்த்து, கொடுத்துவிட்டாய். அந்தத் தகடுகளும் இப்படியான ஒரு கூட்டின் உடைசலாக இருந்தால்? இந்த முறை காற்று, நீரோட்டம் என்று மெழுகாமல் தெரியாது என்றே சொன்னேன். நீ கத்தியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாய். ஒவ்வொரு வலையாக விரித்து உன் குண்டுகளை அறுத்து எடுத்தாய். பட்டினத்தில் வாங்கிய வேறு ஈயத்தைக் கொடுத்தாய். கரையில் உனக்கு விழுந்த ஏச்சை நான் என் காதால் கேட்டேன். அறுத்த ஈயத்தை எல்லாம் எண்ணெய்ப் பரல், பழைய இரும்புப் பீப்பா, ஒன்றில் போட்டு, மூடி, வளவின் மூலையில் வைத்து, "தொடாதை" என்று பெயின்ரால் எழுதினாய்.

சங்கத் தலைவர் பிலிப்பு அண்ணை வந்து நல்ல மனதோடுதான் சொன்னார். "பிள்ளை, ஏன் உந்தத் தலையிடி? இரவல் வள்ளம் தாறன். ஆழக்கடலிலை கொண்டுபோய்த் தாட்டுவிடு. துலைஞ்சுது."

"கடலிலை போட்டால் துலையுமோ அண்ணை?" என்றாய். "அக்கரைக்காரன் கழிவைக் கடலிலை விடுவானோ எண்டு கூட்டம் போட்டுக் கத்தினனாங்கள். இப்ப நாங்களே கொண்டுபோய் விடுவமோ? அளந்து சொல்லட்டும். மோசமெண்டால் கொண்டுபோகட்டும். நல்லதெண்டால் வலையிலை கட்டுவம்."

அளந்து சொல்ல ஆள் வருவதற்கு முன்னால் நீ போய்விட்டாய். சந்தையில், நண்டுக்காரியோடு வாய்க்கொழுவல் நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் எழும்பவில்லை. உன் அப்பாவும் உன் மூத்த அண்ணையும் அதே நெஞ்சுவருத்தத்தில், ஏறக்குறைய அதே வயதில் போனவர்கள். அது ஊருக்கே தெரியும். தெரிந்த ஊர்தான் செத்த வீட்டிலேயே "கதிர் அடிச்சுப்போட்டுது" என்று குசுகுசுத்தது. தொடக்கி வைத்தது உன் பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா. எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. நீ அந்தப் பானையைத் தடுத்ததால்தான் பிலோமினாக்கா இன்னும் தன் வீட்டில் படுத்து எழும்புகிறா. அதை யாருக்கு எடுத்துச் சொல்வது?

குசுகுசுப்பு சூசை அண்ணையின் தலையில் விடிந்தது. கரையில் அவர் மீனை ஏலத்தில் கூறிவிற்க வைத்தால், விலை கேட்கிற குரல்கள் அடங்கிவிடும். "அந்த வளவிலை காய்ஞ்ச வலை" என்று முகத்தைத் திருப்புவார்கள். கடைசியில் அவருடைய மீனைத் தம்பியின் பெயரில் வைத்து விற்றார்கள். உழைத்த மனுசன், தன் மீனை யாரோ வாங்குவதைத் தூர நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உன் பரல் மூலையிலே கிடந்தது. ஒருவரும் தொடவில்லை, ஒருவரும் அளக்கவும் இல்லை. நான் போன் எடுக்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. பானையைத்தான் கொண்டுபோயாயிற்றே, இனி என்ன என்று கேட்பார்கள். என் குரலைக் கேட்டாலே வைத்துவிடுகிற அளவுக்கு நான் அலுப்புக் கொடுத்தேன். அந்தக் குணம் உன்னிடம் இருந்து தொற்றியது.

இனித்தான் கேள். இனிமேல்தான் விசயம்.

போன கிழமை கொழும்பில் இருந்து ஒரு பெண் பிள்ளை, அணுக் கதிர்களை அளக்கிற அதிகாரி, பிலிப்பு அண்ணைக்குப் போன் எடுத்தா. பதுளைப் பக்கத்துப் பிள்ளை. அவர்கள் தொழிலில் கதிர்வீச்சு என்று நீட்டி முழக்குவதில்லையாம், கதிர் என்றுதான் சொல்வார்களாம். அவ சொன்னது இதுதான்: "புதன்கிழமை வந்து கதிரை அளப்போம். ஆளுங்களும் இருந்தா நல்லது."

பிலிப்பு அண்ணைக்கு என்ன விளங்கியிருக்கும் என்று சொல்லு பார்க்கலாம். கனடாவில் இருக்கிற உங்கள் ஊர்ப் பெடியள் சங்க மண்டபத்துக்குப் புதுக் கதிரைகள் தருவதாகச் சொல்லி அப்போதுதான் சில நாள். மனுசன் கோயில் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "புதன்கிழமை பின்னேரம் கதிரை அளக்கக் கொழும்பிலையிருந்து ஆக்கள் வருகினம். எல்லாரும் மண்டபத்துக்கு வாருங்கோ."

அறிவித்தல் ஒழுங்கைகளுக்குள் போய்த் திரும்பி வரும்போது பழைய கதிரை கொண்டுவருகிறவர்களுக்கு அதே அளவில் புதுக் கதிரை என்று ஆகிவிட்டது. நான் ஓட்டோவில் வந்து இறங்கியபோது மண்டப முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பின்னல் அறுந்த கதிரை, முதுகு இல்லாத கதிரை, கோழி படுத்த கதிரை, கலியாணத்துக்கு வாங்கிய சாய்மனைக் கதிரை. பிலோமினாக்கா இரண்டு கொண்டு வந்திருந்தா, ஒன்று நல்ல கதிரை. அதன் காலை அன்று காலையில்தான் உடைத்ததாக எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கதிரையைக் காவல் காத்துக்கொண்டு அதிலேயே இருந்தார்கள்.

அந்தப் பிள்ளை வாகனத்தால் இறங்கி முற்றத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. இந்த முறை முகமூடி இல்லை, வெள்ளை உடுப்பு இல்லை. கையில் சின்னக் கருவி ஒன்று.

"ஏன் இத்தனை நாற்காலி?" என்று கேட்டா.

"நீங்கள்தானே பிள்ளை கதிரை அளக்க வாறமெண்டு சொன்னனீங்கள்," என்றார் பிலிப்பு அண்ணை.

"நான் சொன்னது கதிர், ஐயா. ரேடியேஷன். அந்த ஈயம் இருக்கில்ல, அத அளக்க."

கதிர் அளக்க வருகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் விளக்கமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்குக் குருநகரில் ஒரு பூனையைக்கூடக் கண்டிருக்கமாட்டாய். எல்லோரும் பக்கத்து ஊரான கொய்யாத்தோட்டத்தில் போய் நின்றிருப்பார்கள். இப்போதோ எழும்பி ஓடினால் கதிரை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், இருந்தால் கதிர் அடிக்குமோ என்ற பயம் மறு பக்கம். கதிரை வென்றது. போர்த்துக்கேயன் விட்டுப்போன அந்தக் கதிரை என்ற சொல் எத்தனையோ நூறு வருடம் சும்மா கிடந்துவிட்டு, உனக்காக ஒரு நாள் எழும்பி வேலை செய்தது. ஊர் முழுக்கப் போய் இருந்து, ஊர் முன்னாலேயே உன் ஈயத்தை அளக்கும்படி ஆகிவிட்டது.

சூசை அண்ணையும் தம்பியும் பரலை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்களுக்கு நான் தைரியம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. கருவி கத்தினால் உன் குண்டுகள் கடலுக்குள் கிடந்த அந்தக் கிழமைக்கு யார் பதில் சொல்வது? சூசை அண்ணை பிறகு எந்தக் கரையில் போய்த் தொழில் செய்வார்?

அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. உடனே பரலுக்குப் போகவில்லை. முதலில் கருவியை மண்டபச் சுவருக்குப் பிடித்தா. டிக், டிக் என்று அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டது. கடல்தண்ணீர் வாளிக்குப் பிடித்தா, மீன்பெட்டிக்குப் பிடித்தா, தன் கைக்கே பிடித்தா. பிறகு புனிதரின் சொரூபம் நிற்கிற கருங்கல் பீடத்துக்குப் பிடித்தா. டிக்டிக்டிக் என்று ஓடத் தொடங்கியது. பாதிச் சனம் எழும்பிவிட்டது.

"உக்காருங்க, உக்காருங்க. கல்லுல எப்பவும் கொஞ்சம் இருக்கும். மண்ணுல இருக்கும், நம்ம ஒடம்புலயும் இருக்கும். அது ஒன்னும் செய்யாது. இப்ப இதக் கேட்டீங்கல்ல? ஞாபகம் வச்சுக்குங்க."

பரலைத் திறந்தா. குண்டுகளைக் கைநிறைய அள்ளி ஓலைப்பாயில் பரப்பினா. கருவியை அதன் மேலே கொண்டு போனா. ஒரு டிக். பிறகு ஒன்றுமில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். நீண்ட நேரம் கழித்து இன்னொரு டிக். அடுத்த பிடியை அள்ளினா, அதற்கடுத்த பிடியை அள்ளினா, பரலின் அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்தா. பிறகு பரலுக்குள்ளேயே கருவியை இறக்கினா. சத்தமே இல்லை. உன் அடுப்பையும் தாச்சியையும் அளந்துவிட்டு வந்து, மறுபடியும் ஒருமுறை முழுவதும் அளந்தா.

"கருவி பழுதோ?" என்று யாரோ கேட்டார்கள்.

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு கருவியைத் திரும்பக் கருங்கல்லுக்குக் கொண்டுபோய்க் காட்டினா. ஓடியது. ஈயத்துக்குக் கொண்டுவந்தா. அடங்கியது. ஈயம் வெளியில் இருந்து வருவதையும் மறிக்குமாம். உன் ஈயம் இருக்கிற பக்கம்தான் அந்த முற்றத்திலேயே அமைதியான இடம். வாயை மூடத் தெரியாத உன்னிடம் இருந்து இப்படி ஒரு அமைதி வரும் என்று நான் நினைக்கவில்லை.

சுத்தம். ஒரு குண்டுகூட மோசமில்லை. இதுதான் நீ கேட்ட முடிவு. எனக்கு அந்த இடத்திலேயே துள்ளவேண்டும் போல இருந்தது. துள்ளினேன் என்றுதான் பிலிப்பு அண்ணை சொல்கிறார்.

"அப்ப அந்தப் பானை?" என்று சூசை அண்ணை மெல்லக் கேட்டார்.

அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. "அது மோசமான சாமான் ஐயா. இப்ப பூட்டி, காவல் போட்டு வச்சிருக்கோம். அதோட வீரியம் பாதி அடங்கவே ஒரு தலைமுறை ஆகும். அத வெட்டி உருக்கியிருந்தா இன்னிக்கு இந்த எடத்துல நாம யாரும் உக்காந்திருக்க மாட்டோம். சுத்திக் கம்பி அடிச்சிருப்பாங்க. மழைத் தண்ணியோட கடலுக்கும் போயிருக்கும். அந்த அம்மா உருக்காம நிறுத்தி வச்சதும், யாருகிட்டயும் குடுக்காம காத்ததும் பெரிய காரியம். நான் அவங்களப் பார்க்கணும். எங்க அவங்க?"

முற்றத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சூசை அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வேறு ஒரு குரல் முந்திக்கொண்டது. சொன்னது யார் தெரியுமா? பிலோமினாக்கா.

"அவள் மோசம் போயிட்டாள் பிள்ளை," என்றா. "நெஞ்சுவருத்தம்."

நெஞ்சுவருத்தம் என்று தன் வாயால் சொன்னா. ஊர் கேட்கச் சொன்னா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. எனக்கு இருந்த கோபத்தில் பெரிய பங்கு அந்த ஒரு சொல்லோடு கரைந்துபோயிற்று. மிச்சத்தை வைத்திருக்கிறேன், உனக்காக ஒருத்தியாவது கொஞ்சம் வைத்திருக்க வேண்டும்.

பிறகு நடந்ததைக் கேட்டால் நீ விழுந்து புரண்டிருப்பாய். "வந்தது வந்திட்டம், எங்கடை கதிரையையும் ஒருக்கா அளந்துவிடுங்கோவன்" என்று ஒரு கிழவர் தொடங்கினார். அந்தப் பிள்ளையும் சளைக்கவில்லை. ஒவ்வொரு கதிரையாகக் கருவியைப் பிடித்து, நல்ல கதிரை, நல்ல கதிரை என்று சொல்லிக்கொண்டே போனா. அந்தக் கலகலப்பில்தான் ஒன்று என் ஓட்டோவில் ஏறியிருக்கிறது.

அன்று பின்னேரமே சூசை அண்ணை பாயில் இருந்து குண்டுகளை அள்ளிக்கொண்டு போய் வலையில் கோக்கத் தொடங்கினார். பிலிப்பு அண்ணை தனக்கும் வேண்டும் என்று வாளியோடு வந்து நின்றார். வியாழன் பின்னேரம் வலை இறங்கியது. இன்று காலை எனக்கு லீவு. விடிந்ததும் முதல் பஸ்சில் குருநகருக்கு ஓடினேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கரையில் மீன் கூறிவிற்கிற இடத்தில் வழக்கமான சத்தம். சூசை அண்ணை வள்ளத்தால் இறங்கிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழக்கதோசத்தில் பின்னுக்குப் போய் நின்றார். கூறுகிறவர் பெட்டிக்குள் கையை விட்டு ஓரா மீனைத் தூக்கிக் காட்டினார். தம்பியின் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"சூசையின்ரை மீன்," என்றார். "ஆர் கேக்கிறியள்?"

நான் கூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பிறகு ஒரு குரல் விலை கேட்டது. அதற்கு மேலே இன்னொரு குரல். மூன்றாவது ஆள் அவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தார். ஆளுக்காள் முண்டியடித்துக் கேட்டார்கள். சூசை அண்ணை பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டு மூக்கைத் துடைத்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

புறப்படும்போது சூசை அண்ணை நல்ல பெரிய ஓராக்களாகப் பார்த்துப் பையில் போட்டுத் தந்தார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெண்டு தெரியும் தங்கச்சி. எண்டாலும் கொண்டு போங்கோ. அவளின்ரை ஈயத்திலை பட்டது."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் படலையைத் தாண்டி வராது. ஆனாலும் வாங்கினேன். அச்சுவேலி பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, கோயிலுக்குப் போகிறவ போல, திருநீறும் சந்தனமுமாக, மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தா.

"வெள்ளிக்கிழமையிலை மீனோ பிள்ளை? எங்கை வாங்கினனீர்?"

"குருநகரிலை அம்மா."

"குருநகரிலை ஆரின்ரை மீன்?"

இந்த இரண்டு வருடமும் எங்கே உன் பெயரைச் சொல்ல வேண்டி வந்தாலும் என் குரல் தன்பாட்டில் தணிந்துவிடும். கேட்பவர் முகம் எப்படி மாறும் என்ற பயம். உன்னை எவ்வளவோ தூரம் சுமந்து திரிந்தேன், ஆனால் ஒளித்துச் சுமந்தேன். இன்று அந்த அம்மாவுக்கு உன் பெயரை, உன் மனுசனின் பெயரோடு சேர்த்து, சாரதி கண்ணாடியில் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.